வேலுவுக்குப் பசி திரும்பிய கதை

வேலு,

நீ பெட்டியோடு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் உங்கள் டாக்டரம்மா எனக்கு ஒரு வேலை வைத்துவிட்டார். போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுக்கத் தங்கள் பிள்ளைகளைப் புதிதாக அழைத்துவரும் வீட்டார் படிப்பதற்கு, பட்டதையெல்லாம் நான் எழுதித் தர வேண்டுமாம். போனில் அவர் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்குப் பிறகு கடலூர்த் தெருக்களில் மீன், மீன் என்று கத்தியதுதான் என் படிப்பு. முன்பின் தெரியாத ஆட்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு வராது. உன்னைத் திட்டுவதென்றால் மட்டும் மூச்சு விடாமல் வரும், அது நீ பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். அதனால் இதை உனக்குத்தான் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்பது போலக் கேட்டுக்கொள்ளட்டும். என் பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டேன், கூடை தூக்கிப் போகிற தெருக்களில் எனக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. உன் பெயரைப் போடலாமா என்று கேட்டதற்கு, "தாராளமா போடும்மா, நான் என்னா திருடனா" என்றாய். கொஞ்ச காலம் திருடனாகவும் இருந்தாய் என்பது வேறு விஷயம். அதையும் எழுதத்தான் போகிறேன்.

என் பெருமையை முதலில் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேற்கொண்டு எழுத விடாது. மஞ்சக்குப்பத்தில் என்னிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் டீச்சரம்மா, பையன் என்ன செய்கிறான் என்று நேற்று விசாரித்தார். சிதம்பரத்தில் சமையல் வேலைக்குப் போயிருக்கிறான் என்றேன். ஓட்டலிலா என்றார். "இல்லம்மா, போதை ஊசி, போதை மாத்திரன்னு கெட்டுப்போயி வைத்தியம் பண்ணிக்கிறவங்க தங்குற எடம். அங்க எல்லாருக்கும் இவந்தான் சோறு" என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வயசுப் பையன அந்த மாதிரி எடத்துக்கு ஏன் அனுப்புற, ஒட்டிக்கப் போவுது" என்றார். "அந்த எடத்துலேருந்துதாம்மா அவனே எழுந்து வந்தான்" என்றேன். எந்தக் கூச்சமும் இல்லாமல் வாய் தானாகச் சொல்லிவிட்டது. டீச்சரம்மா அன்றைக்குச் சங்கரா மீனுக்குப் பேரம் பேச மறந்துபோனார். அவர் பேரம் பேசாமல் மீன் வாங்கியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். சுனாமி வந்த காலையில் நீ கரையில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தாய். தண்ணீர் உன்னை இழுத்துப்போய்ப் பனைமரத்தில் அடித்தது, பின்னாலேயே வந்த படகு ஒன்று உன் தொடையின் மேல் ஏறியது. எலும்பைச் சேர்த்து உள்ளே தகடு வைத்து அனுப்பினார்கள். உயிர் பிழைத்தவன் வலிக்கிறது என்று சொல்லவே கூசுகிற காலம் அது. நம் தெருவில் பிணம் தூக்காத வீடு நாலைந்துதான் இருக்கும், அதில் நம் வீடும் ஒன்று. அவர்கள் முன்னால் காலைக் காட்டி எப்படி அழுவது. நீ பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாய், நானும் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். உன் அப்பா இருந்திருந்தாலாவது வாய்விட்டு முனகியிருப்பாய். அவர்தான் நீ ஆறாவது படிக்கும்போதே மஞ்சள் காமாலையில் போய்விட்டாரே. அப்புறம் பக்கத்துத் தெருவில் ஊசி போடும் ஆள் ஒருவன் கிடைத்தான். ஒரு ஊசி போட்டால் வலி பறந்துவிடும் என்றார்கள், பறந்தது. அது அபின் வகையைச் சேர்ந்த மருந்து, பழகிவிட்டால் உடம்பு அது இல்லாமல் எழுந்து நிற்காது என்பதெல்லாம் யாருக்குத் தெரியும். முதலில் வலித்தபோது போட்டாய், பிறகு வலித்துவிடுமோ என்று போட்டாய். கடைசியில் உன் கையால் நீயே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டாய்.

சித்திரை வெயிலில் நீ முழுக்கைச் சட்டை போட்டபோது ஊரே சந்தேகப்பட்டது. எனக்கு அதற்கு முன்பே உன் தட்டைப் பார்த்துச் சந்தேகம் வந்துவிட்டது. மீன் தலைக்காக மாமா மகனோடு கட்டிப் புரண்டவன், சோற்றைப் பிசைந்து பிசைந்து ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுந்து போனால் அம்மாக்காரிக்குத் தெரியாதா. கேட்டால், "வயிறு மந்தமா இருக்குதும்மா" என்பாய். அந்த மந்தம் மூன்று வருஷம் போகவில்லை. கன்னம் ஒட்டி, பல் சொத்தையாகி, உன் அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் நழுவியது. அந்த நேரத்தில்தான் உன் மாமாவின் படகிலிருந்து மாற்று டீசல் கேனைத் தூக்கிப்போய் விற்றாய். மாமாவின் படகில் எப்போதும் போகும் கலியமூர்த்தி அண்ணன் கேன் இருக்கிறது என்ற நம்பிக்கையில் தூரமாகப் போய்விட்டார். இன்ஜின் நின்று, நடுக்கடலில் ஆடிக்கொண்டிருந்தவர்களை வேறு ஊர்ப் படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. அவர் நேராக நம் வீட்டுக்கு வந்தார், சத்தம் போடவில்லை. "ஒம்மவன் எங்களக் கடல்ல வுட்டுட்டு டீ குடிச்சிக்கினு இருந்திருக்கான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். உன்னை அடிக்கக் கையை ஓங்கிய மாமா உன் உடம்பைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினார். அடிப்பதற்கு அதில் எங்கே இடம் இருந்தது.

மாமாதான் யாரையோ விசாரித்து உன்னைச் சிதம்பரத்துக்கு அழைத்துப்போனார். கொஞ்ச நாள் அங்கேயே தங்கவைத்தார்கள், பிறகு வாரா வாரம் போய் வரச் சொன்னார்கள். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கிற மாத்திரை கொடுத்தார்கள். நடுக்கம் நின்றது, ஊசி நின்றது. ஒரு போதையை விட்டு இன்னொரு போதையைப் பிடித்துக்கொண்டான் என்று பேசிய வாய்களுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது, டாக்டரம்மா கோடு போட்டு அடித்துவிடுவார். மருந்து மருந்துதான், சர்க்கரைக்காரன் மாத்திரை போடவில்லையா என்று அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை நான் கொஞ்சம் காரம் சேர்த்துச் சொன்னேன், அவ்வளவுதான். ஊசி நின்றதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சாமிக்குப் பொங்கல்கூட வைத்துவிட்டேன். ஆனால் நீ எழவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தால் பொழுது சாயும்வரை அப்படியே. சோறு வேண்டாம். டீயில் சர்க்கரையைக் கொட்டிக் கொட்டிக் குடிப்பாய், பொறையைத் தோய்த்துத் தின்பாய், தேன்மிட்டாய் வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொள்வாய். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் அரைக்கிற கரும்பெல்லாம் உன் டம்ளருக்குத்தான் வருகிறதோ என்று நான் கேலி செய்வேன். ஏதோ ஒன்று வாயில் போகிறதே என்று உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஒரு நாள் என்னைப் பார்க்காமலே, "ஊசியும் இல்ல, வேலையும் இல்ல, நான் எதுக்கும்மா இருக்கறேன்" என்றாய். கையிலிருந்த அரிவாள்மனையை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சுனாமிக்கு அப்புறம் நான் பயந்தது அன்றைக்குத்தான்.

அடுத்த தடவை உன்னோடு நானும் சிதம்பரத்துக்கு வந்தேன். நீ சொன்னதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு வெகுநேரம் பேசினார், மனசுக்கென்று ஒரு மாத்திரை எழுதினார். என் மகனுக்கொன்றும் பைத்தியம் இல்லை என்று நான் எகிறினேன். "யாரும்மா சொன்னா? கால் ஒடிஞ்சா கட்டுப் போடல? சரி, இவரு என்ன சாப்பிடுறாரு, அதச் சொல்லுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மீன்காரி வீட்டுச் சோற்றைப் பற்றியா கேட்கிறீர்கள் என்று கேட்டே விட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க சோத்துல ஒரு குறையும் இல்லம்மா. ஊசியில இருந்த வருஷங்கள்ல இவரு உடம்பு பசியையே மறந்துடுச்சு. இப்ப சட்டுனு தெம்பு வேணும்னு இனிப்பக் கேக்குது. இனிப்பு ஏறுன வேகத்துல எறங்கும், கூடவே மனசும் சோர்ந்துபோவும். அப்ப வர்றது வயித்துப் பசியா ஊசி ஆசையான்னு இவருக்கே பிரிச்சுத் தெரியாது" என்றார். மீன், முட்டை, பயறு, கீரை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, நேரம் தவறாமல் கொடுக்கச் சொன்னார். மாத்திரை மலத்தைக் கட்டும், தண்ணீர் நிறையக் கொடுங்கள் என்றார். சோறு நன்றாக இறங்குகிறதே என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்று விரலை ஆட்டி எச்சரித்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ஒரே வீம்பு. மீன் கொடுங்கள் என்று என்னிடமே சொல்கிறார், இனி இவனை மீனாலேயே நிரப்பிவிடுகிறேன் என்று கறுவிக்கொண்டேன்.

உன் வீம்பு என் வீம்பைவிடப் பெரிது என்பதை மறந்துவிட்டேன். நம் கரையின் பழக்கம் வெளியாட்களுக்குத் தெரியாது, அதையும் சொல்கிறேன். படகு வந்ததும் ஏலத்துக்குப் போவதற்கு முன்னால், குழம்புக்கென்று கொஞ்சம் மீனை எடுத்து மணலில் கூறு கூறாக வைப்பார்கள். கடலுக்குப் போனவனுக்கு ஒரு கூறு, கரையில் வலையில் கை வைத்து வேலை செய்தவனுக்கு ஒரு கூறு. வேடிக்கை பார்த்தவனுக்குக் கிடையாது. புருஷன் இல்லாதவள் முந்தானையை ஏந்தி நின்றால் அள்ளிப் போடுவார்கள், ஆனால் அது கூறு இல்லை, தர்மம். உனக்காக மாமா தினமும் மீன் கொடுத்தனுப்பினார். அது தெரிந்தால் நீ சாப்பிடமாட்டாய் என்று, துறைமுகத்தில் வாங்கினேன் என்று சொல்லித் தட்டில் வைத்தேன். மீன்காரி மீன்காரன் மகனிடம் மீனைப் பற்றிப் பொய் சொன்னால் எடுபடுமா. நீ அதைப் புரட்டிப் பார்த்தாய். "இது மாமா படகு மீனு. செவுளாண்ட வலை நூல் இறுக்குன தடம் இருக்குது பாரு. தொறைமொகத்துல இழுவலையில வாரிக்கினு வர்ற மீனுக்கு ஏது தடம்?" என்றாய். "வலையத் தொடாதவனுக்கு என்னா பங்கு? எனக்கோசரம் நீ முந்தானைய ஏந்திக்கினு நின்னியா?" என்று கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினாய். முட்டை அவித்துக் கொடுத்தாலும் பாதியில் வைத்துவிட்டாய். உனக்கு உள்ளே குறைந்திருந்தது சத்து மட்டும் இல்லை என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. ஆனால் அதை எந்தக் கடையில் வாங்குவது.

நான் கரைக்குப் போய் மாமாவிடம், "வலை பிரிக்க அவனையும் சேத்துக்கண்ணே" என்று கேட்டேன். மாமா கலியமூர்த்தி அண்ணனைப் பார்த்தார். அவர் நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, "வேணாம் மச்சான். வலை நம்ம உசுரு. அவங்கிட்ட குடுத்துட்டு நான் கடல்ல நிம்மதியா இருக்க முடியாது" என்றார். டீசல் இல்லாமல் கடலில் நின்றவர் சொல்கிறார், திரும்பி வந்துவிட்டேன். வந்த ஆத்திரத்தில் அதை அப்படியே உன்னிடம் கொட்டிவிட்டேன். மறுநாள் காலையில் உன் பாயைப் பார்த்தேன், ஆள் இல்லை. நேராக அந்த ஊசிக்காரன் தெருவுக்குத்தான் ஓடினேன், உன்னை அங்கேதான் முதலில் தேடினேன். அவன் கதவு சாத்தியிருந்தது. அப்படியே கரைக்கு வந்தால், நீ எல்லோருக்கும் தள்ளி, நண்டு வலையின் கடைசி முனையில் உட்கார்ந்திருந்தாய். நண்டு வலை பிரிக்க யாருக்கும் பிடிக்காது. ஒவ்வொரு காலாகச் சிக்கெடுக்க வேண்டும், விரலைக் கவ்வும், பொழுதும் போய்விடும். கலியமூர்த்தி அண்ணன் பார்த்தார், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

கூறு வைத்தபோது உனக்கு வைக்கவில்லை. நீ கடல் தண்ணீரில் கையை அலம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். மறுநாளும் போனாய், அதற்கு மறுநாளும் போனாய். உன் விரலெல்லாம் கீறல். நான் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று சேலையை இழுத்துச் செருகினேன். "நீ வந்தேன்னா நான் போமாட்டேன்" என்று தடுத்துவிட்டாய். ஆனால் அந்த நாட்களில் ஒன்று நடந்தது, நீ கவனித்தாயோ என்னவோ. கரையிலிருந்து வந்ததும் அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்த்து, "என்னாம்மா இருக்குது?" என்று கேட்டாய். வருஷக்கணக்காக நீ கேட்காத கேள்வி அது. அன்றைக்குப் பார்த்து வீட்டில் கம்பங்கூழும் வெங்காயமும்தான் இருந்தன. மோர் விட்டுக் கரைத்துக் கொடுத்தேன், ஒரு செம்பைக் குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கரைத்தேன். அழுகிறேன் என்று தெரிந்தால் குடிப்பதை நிறுத்திவிடுவாயே என்று பயம்.

பிறகு அந்த நாள் வந்தது. நான் ஏலத்துக்காகக் கூடையோடு நின்றிருந்தேன். நல்ல கானாங்கெளுத்தி வந்திருந்தது, கலியமூர்த்தி அண்ணன்தான் கூறு வைத்தார். எல்லோருக்கும் வைத்து முடித்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். குனிந்து ஒவ்வொரு கூறிலிருந்தும் கொஞ்சம் எடுத்துச் சேர்த்தார். நண்டு வலை கிடந்த பக்கம் நடந்துபோய் மணலில் வைத்துவிட்டு, "டேய், காக்கா தூக்கிக்கினு போவப் போவுது, எடுத்துக்க" என்றார். நீ கைலியை மடித்து அதில் மீனை அள்ளிக்கொண்டு என் முன்னாலேயே நடந்துபோனாய், என்னைத் தெரியாதவன் போல. அந்த நடையைப் பார்த்தபோது எனக்கு வந்த பெருமையை, நீ முதல் தடவை நடந்தபோதுகூட நான் அனுபவித்தது இல்லை. அன்றைக்கு ஏலத்தில் என்ன கேட்டேன், எதை எடுத்தேன் என்று தெரியாது. மலிவான காரப்பொடி மீனை வஞ்சிரம் விலைக்கு எடுத்தவள் என்று இன்னும் என்னைக் கேலி செய்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் நீயே மீனை ஆய்ந்து, புளி கரைத்து வைத்திருந்தாய். குழம்பு கொதித்ததும் சோற்றைக் குழித்து ஊற்றிக்கொண்டு, தலையை உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டாய். அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று இருந்தேன்.

இதைப் படிக்கிற அம்மாக்கள், ஒரு தட்டு மீன் குழம்பில் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துவிடப் போகிறார்கள். இல்லையம்மா. அதற்குப் பிறகும் இவன் சுவரைப் பார்த்துப் படுத்த நாட்கள் உண்டு. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையும் மனசுக்கான மாத்திரையும் அது பாட்டுக்கு நடந்தன, பின்னால் டாக்டரம்மாவே பார்த்துப் பார்த்துக் குறைத்தார். என்னால் ஆனது அடுப்படி வேலைதான். சுறாப்புட்டு, பாசிப்பயறு, முருங்கைக்கீரை, கொய்யாப்பழம் என்று மாற்றி மாற்றிச் செய்தேன். சர்க்கரையை ஒரேயடியாகப் பிடுங்கவில்லை, உனக்குத் தெரியாமல் டீயில் குறைத்துக்கொண்டே வந்தேன். தெரிந்துதான் குடித்தேன் என்று பின்னால் சொன்னாய், போகட்டும். மலம் போனதா என்று வளர்ந்த பிள்ளையிடம் தினம் கேட்டதற்கு நீ காட்டிய முறைப்பையும் பொறுத்துக்கொண்டேன். நீ முகம் வாடினால் முன்பெல்லாம், "என்னடா யோசிக்கிற, மறுபடியும் அந்த நெனப்பா" என்று பாய்வேன். பிறகுதான், பசிக்கிறதா என்று முதலில் கேட்கப் பழகினேன். நீயும் ஒரு வழி கண்டுபிடித்தாய். சட்டைப் பையில் அவித்த வேர்க்கடலை வைத்துக்கொள்வாய். ஊசி நினைப்பு வந்தால் முதலில் கடலை, அதற்கும் அடங்காவிட்டால் டாக்டரம்மாவுக்குப் போன். சிதம்பரத்தில் மாத்திரைக்காக வரிசையில் நிற்கும்போது முன்னால் பின்னால் நிற்பவர்களுக்கெல்லாம் அந்தக் கடலையை நீட்டுவாய். காலேஜ் படித்தவர், லாரி ஓட்டுபவர் என்று பலரும் உன்னிடம், காலையில் என்ன தின்றால் மனசு கொஞ்சம் நிற்கும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். நீயும் பெரிய மனுஷன் மாதிரிச் சொல்வாய். நான் தள்ளி நின்று சிரித்துக்கொள்வேன்.

அப்புறம் தானே என்று பெயர் வைத்த புயல் வந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து, கரண்ட் இல்லை, பஸ் இல்லை, போனும் இல்லை. உன் மாத்திரை தீர்ந்துகொண்டிருந்தது. பாதி வழி நடந்தும் பாதி வழி மரம் ஏற்றப் போன லாரியிலுமாக நீ சிதம்பரத்துக்குப் போய்ச் சேர்ந்தாய் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். போனவன் திரும்பவில்லை. ஒரு நாள், இன்னொரு நாள் என்று நான் வாசலுக்கும் தெருவுக்குமாக அலைந்தேன். என் புத்தி எங்கே போயிருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ வந்து நின்றதும் ஒரு வார்த்தை கேட்காமல் உன் சட்டைக் கையை மடித்துப் பார்த்தேன். நீ கோபப்படாமல் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாய். ஊசித் தடம் இல்லை, விரலெல்லாம் கீரை கிள்ளிய கறை. அங்கே சமைக்கிறவர் வீட்டுக் கூரை குமராட்சியில் பறந்துபோய் அவர் வரவில்லை. தங்கியிருந்தவர்கள் பன்னும் சர்க்கரைத் தண்ணீருமாகச் சோர்ந்து கிடந்திருக்கிறார்கள். நீ செங்கல்லை அடுக்கி அடுப்பு மூட்டி, புயல் வாசலில் சாய்த்துப் போட்டிருந்த முருங்கை மரத்திலிருந்தே கீரையை ஒடித்து, நொய்யும் பயறும் போட்டுக் கஞ்சி காய்ச்சி, அத்தனை பேரையும் உட்காரவைத்து ஊற்றியிருக்கிறாய். சாப்பிட மாட்டேன் என்று படுத்துக் கிடந்தவர்களிடம் உபதேசம் ஏதும் செய்யாமல், "அண்ணே, கொஞ்சம் கீரை ஆய்ஞ்சி குடுங்க" என்று வேலை வைத்தாயாமே. ஆய்ந்து கொடுத்தவர் எல்லோரும் சாப்பிட்டார்கள் என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னார். அதை எங்கே கற்றுக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். நண்டு வலை கற்றுக் கொடுத்ததுதான்.

பழைய சமையல்காரர் வேலையை விட்டதும் இங்கேயே வந்துவிடு என்று அவர்கள் உன்னைக் கூப்பிட்டார்கள். "கடல்ல எறங்குறவன் கரண்டி புடிக்கப் போறானாக்கும்" என்று மாமா குதித்தார். ஊருக்கே சோறு போடத் தெரிந்த கையைப் பற்றி அவர் அப்படிப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை, அண்ணன் என்றுகூடப் பார்க்காமல் பதிலுக்குப் பதில் பேசிவிட்டேன். கடைசியில் உனக்குக் கருவாடு கட்டிக் கொடுத்ததும் அவர்தான்.

நீ கிளம்பிய அன்று கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டு என்னிடம் ஒன்று கேட்டாய். "யம்மா, நான் மறுபடியும் தவறிட்டேன்னா என்னா பண்ணுவ?" நல்ல நாளும் அதுவுமாக இதென்ன பேச்சு, வாயைக் கழுவு என்று திட்டினேன். பஸ் கிளம்பிவிட்டது. இரண்டு நாள் ஆனதும்தான் புத்திக்கு எட்டியது. ஊசி போட்டுக்கொண்டிருந்த காலத்தில் நீ இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதே இல்லை. அப்போதெல்லாம் சத்தியம்தான் செய்வாய். இனிமேல் தொடமாட்டேன் என்று என் தலையில் அடித்தும் உன் அப்பா படத்தின் மேல் கை வைத்தும் எத்தனை சத்தியம். அந்தக் கை கீழே இறங்குவதற்குள் பொய்யாகிவிடும். இந்தத் தடவை நீ ஒரு சத்தியமும் செய்யவில்லை. உனக்குள் இருக்கிற பயத்தை எடுத்து அம்மாவிடம் காட்டினாய். என் மகன் பிழைத்துவிட்டான் என்று எனக்கு முழுசாக நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். டாக்டரம்மாவும் என்னிடம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார், தவறுவது நடக்கக்கூடியதுதான் என்று. நடந்தால் மறைக்காதே, அன்றைக்கே அவரிடம் போய்ச் சொல். அங்கிருந்து நேராக வீட்டுக்கு வா. பொழுது சாய்ந்துவிட்டதே, அம்மா முகத்தில் எப்படி முழிப்பது என்று பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்காதே. வந்தால் முதலில் சோறு போடுவேன், நீ சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசமாட்டேன். கை கழுவிய பிறகு திட்டுவேன். அதை மட்டும் என்னால் விட முடியாது.

உன்னைப் பெற்றதில் பெருமைப்படும்,
அம்மா